ஆழ்நிலை எண்ணெய்த் தேக்கங்களைக் கண்டறிவதில் தொடர்வரிசைப் பாறையடுக்கியல்: மெக்சிகோ வளைகுடாவின் வில்காக்ஸ் படிவுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கரையோரக் கழிமுகப் படிவுகளைக் கொண்டு ஆழ்கடலடியில் புதைந்துள்ள தேக்கப் பாறைகளை முன்னறிவதற்குத் தொடர்வரிசைப் பாறையடுக்கியல் துணைபுரிகிறது. அதன் பயனையும் எல்லையையும் வில்காக்ஸ் படிவுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. கடல்மட்ட வீழ்ச்சியுடன் வண்டல் வரத்தையும் கணக்கில் கொள்ளும்போதே இம்முறை முழுப்பயன் தரும் என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தொடர்வரிசை, தேக்கப் பாறை, ஆழ்கடல் விசிறி, வண்டல் வரத்து, வில்காக்ஸ்.

முன்னுரை

பாறையின் வகையைக் கொண்டு அடுக்குகளைப் பொருத்திப் பார்ப்பது பழைய வழக்கம். ஆயின், ஒரே மணற்பாறையாகத் தோன்றும் அடுக்கு இடத்துக்கு இடம் வெவ்வேறு காலத்தில் படிந்ததாக இருக்கலாம். எனவே தொடர்வரிசைப் பாறையடுக்கியல், காலத்தைக் குறிக்கும் தளங்களை அடிப்படையாகக் கொள்கிறது. லாரன்ஸ் சுலாஸ் 1963-இல் வட அமெரிக்க உள்நிலப் படிவுகளை ஆறு தொடர்வரிசைகளாகப் பகுத்தார். 1977-இல் பீட்டர் வெயிலும் எக்சான் நிறுவன ஆய்வாளர்களும் நில அதிர்வுப் பதிவுகளில் இத்தளங்களை இனங்காணும் முறையை வெளியிட்டனர்.

கோட்பாட்டு அடிப்படை

வண்டல் படியக் கிடைக்கும் இடமும் ஆறுகள் கொணரும் வண்டலின் அளவுமே படிவின் அமைப்பைத் தீர்மானிக்கின்றன. கடல்மட்டம் தாழும்போது கண்டத்திட்டு வெளிப்பட்டு அரிக்கப்படுகிறது. ஆற்றுமணல் கடலடிப் பள்ளத்தாக்குகள் வழியே சரிவைக் கடந்து ஆழ்கடல் விசிறியாகப் படிகிறது. மட்டம் உயர்ந்தபின் அதன்மேல் படியும் களிமண், காலப்போக்கில் மூடுபாறையாகிறது. ஆகவே, திட்டில் காணப்படும் அரிப்புத் தளத்தைக் கடல்நோக்கித் தொடர்ந்தால், அக்காலத்து மணல் ஆழத்தில் எங்கு இருக்கக்கூடும் என்பதை ஊகிக்கலாம்.

வில்காக்ஸ் தரும் சான்று

பேலியோசீன் காலத்தின் பிற்பகுதி முதல் இயோசீன் தொடக்கம் வரை படிந்த வில்காக்ஸ் தொகுதி, டெக்சாசு நிலப்பகுதியில் கழிமுகப் படிவுகளாக நெடுங்காலமாக அறியப்பட்டது. 2001-இல் பெர்டிடோ மடிப்புப் பகுதியில் தோண்டப்பட்ட பாகா 2 கிணறு வணிக அளவில் எண்ணெய் தரவில்லை. எனினும், கரையிலிருந்து வெகுதொலைவில் தடித்த வில்காக்ஸ் மணற்பாறைகள் இருப்பதைக் காட்டியது. 2002-இல் கிரேட் ஒயிட், காசுகேடு வயல்கள் கண்டறியப்பட்டன. 2006-இல் ஜாக் 2 கிணற்றுச் சோதனையில் நாளொன்றுக்கு 6,000 பீப்பாய்க்கு மேல் எண்ணெய் கிடைத்தது. அங்குக் கடலின் ஆழம் ஏறத்தாழ 2,100 மீட்டர். கிணற்றின் மொத்த ஆழம் 28,175 அடி, அதாவது ஏறத்தாழ 8,590 மீட்டர்.

விளக்கத்தில் எழும் சிக்கல்

வில்காக்ஸ் படிந்த காலத்தில் துருவப் பனிப்படலங்கள் பெரிதாக இல்லை. எனவே பனிப்படலம் வளர்ந்து சுருங்குவதால் நேரும் பெரும் கடல்மட்ட மாற்றத்தை இதற்குக் காரணமாகக் கூறுவது கடினம். மேற்கே லாரமைடு மலையாக்கம் உயர்த்திய நிலங்களிலிருந்து வந்த மிகுதியான வண்டல், கடல்மட்டம் பெரிதும் தாழாமலே திட்டின் விளிம்பை அடைந்து ஆழ்கடலுக்கு மணலை அனுப்பியிருக்க முடியும். இவ்வளைகுடாப் படிவுகளை நன்கறிந்த வில்லியம் கேலோவே, 1989-இல் அரிப்புத் தளங்களுக்கு மாற்றாகப் பெருவெள்ளத் தளங்களை, அதாவது கடல் நிலத்தின்மீது மிகுதியாகப் பரவிய காலத்துத் தளங்களை, எல்லைகளாகக் கொள்ளும் முறையை முன்வைத்தார். அரிப்புத் தளத்தை மட்டும் தேடும் ஆய்வாளர், அது தெளிவற்ற இடத்தில் ஆழ்கடல் மணலே இல்லை என முடிவு செய்துவிடும் அபாயம் உண்டு.

முறையின் எல்லை

மணல் படிந்த இடத்தை முன்னறிவது வேறு, அது எண்ணெய் தரும் என உறுதி கூறுவது வேறு. ஆழப் புதையும்போது இறுக்கத்தாலும் கனிமப் பிணைப்பாலும் நுண்துளைகளும் ஊடுருவுதிறனும் குறைகின்றன. மேலே பரந்துள்ள உப்புப் படலம் நில அதிர்வுப் படிமத்தை மங்கச் செய்கிறது. மூலப் பாறை, எண்ணெய் நகர்ந்த காலம், பொறியமைப்பு ஆகியவற்றைத் தனியே ஆராய வேண்டும். பாகா 2 இதற்குச் சான்று.

முடிவுரை

ஆழ்நிலைக் கிணறு ஒன்றுக்குப் பெரும் பொருட்செலவாகிறது. ஆதலால், ஒரே கடல்மட்ட வரைபடத்தை எல்லாப் படுகைகளுக்கும் பொருத்துவது ஏற்புடையதன்று. ஒவ்வொரு படுகையிலும் நில எழுச்சி, ஆற்றுவழி, வண்டல் வரத்து ஆகியவற்றை முதலில் அறிந்து, பின்னர்த் தளங்களைப் பொருத்துவதே தக்க நெறியாகும்.