நீரை அறிவோம் – 9: மாத்திரை போட்டும் மறையாத பச்சை

2016 ஆகஸ்ட் 9 அன்று, ரியோ டி ஜெனிரோவில் ஒலிம்பிக் டைவிங் நடந்த மரியா லெங்க் அரங்கின் குளம் பச்சையாகிவிட்டது. மறுநாள் பக்கத்துக் குளமும் பச்சை தட்டியது. ஆகஸ்ட் 5ஆம் தேதி தவறுதலாக ஊற்றப்பட்ட 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு குளோரினை முறித்திருந்தது பிறகுதான் தெரியவந்தது. கருவியோ குளோரின் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் பக்கத்திலிருந்த பெரிய குளத்தின் சுமார் 37 லட்சம் லிட்டர் நீரை வடித்துவிட்டு, பயிற்சிக் குளத்து நீரை நிரப்பினார்கள்.

வீட்டுக் குளத்தில் பாசியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். குளோரின் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு.

வீட்டில் பெராக்சைடு ஊற்ற யாரும் வரப்போவதில்லை. அங்கே குளோரினைக் கட்டிப்போடுவது சயனூரிக் அமிலம். வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பதும் இதுதான். லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. ஆனால் மிதவையில் போட்டுவைக்கும் ட்ரைகுளோர் மாத்திரையிலேயே இந்த அமிலமும் சேர்ந்திருக்கிறது. மாத்திரை லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் தரும்போது, கூடவே 6 மில்லிகிராம் அமிலமும் நீரில் சேர்கிறது. கோடையில் நாளுக்கு 2 மில்லிகிராம் குளோரின் செலவானால், 50 நாளில் அமிலம் 60 ஏறிவிடும். குளோரின் செலவாகித் தீரும், அமிலம் அங்கேயே தங்கும். வடிகட்டியும் அதைப் பிடிக்காது.

அமிலம் 40 இருக்கும் குளத்தில் பாசி வராமலிருக்க 3 மில்லிகிராம் குளோரின் போதும். அமிலம் 100 ஆனால் 7.5 வேண்டும். வந்துவிட்ட பாசியை அழிக்க, அமில அளவில் ஏறக்குறைய 40 சதவீதம் குளோரின் தேவை. 40க்கு 16, 100க்கு 40! அதனால் பச்சையைப் பார்த்ததும் மேலும் மாத்திரை போடாதீர்கள். அமிலத்தை அளந்து பாருங்கள். 100ஐத் தாண்டியிருந்தால் பாதி நீரை வடித்துப் புது நீர் விடுவதுதான் வழி. செம்பு கலந்த பாசிக்கொல்லியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவரில் கறை படியும், வெளிறிய தலைமுடியும் பச்சையாகும்.

பிறகு திரவக் குளோரினை ஊற்றி, அளவு இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடரும் ட்ரைகுளோரும் ஒரே வாளியிலோ மிதவையிலோ சேரவே கூடாது. தீப்பிடிக்கும், நச்சுவாயு கிளம்பும். ஏணியின் பின்புறம், விளக்குக் குழி, படிகளின் மூலை எல்லாவற்றையும் தினமும் பிரஷால் தேயுங்கள். பாசி மேல் படிந்த வழவழப்பைக் கிழித்தால்தான் குளோரின் உள்ளே போகும். வடிகட்டியில் அழுத்தம் ஏறினால் பேக்வாஷ் செய்யுங்கள்.

நீர் தெளிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் பத்து நாளில் பச்சை திரும்புகிறது. பொழுது சாய்ந்தபின் குளோரினை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விடியுமுன் மறுபடி அளந்து பாருங்கள். இரவில் வெயில் இல்லை, குளோரினைக் குறைக்கப் பாசியைத் தவிர வேறு யாருமில்லை. ஒரு மில்லிகிராமுக்கு மேல் இறங்கியிருந்தால், அடித்தரை கண்ணாடிபோலத் தெரிந்தாலும் பிரஷைக் கீழே வைக்காதீர்கள்.