ஆண்டாள் கிளியும் வாசற்கோலப் பூவும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் நாச்சியாரைச் சேவிக்கும் அடியவர் கண்கள், திருமுகத்தை அடுத்து அவளது இடக்கரத்துக் கிளியிடம் சென்று நிற்கும். அந்தக் கிளி நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுவது. மரவள்ளி இலையால் உடல், நந்தியாவட்டை இலையால் சிறகு, காக்காப்பொன்னால் கண்கள் என அமையும் அதன் செவ்வலகு மட்டும் மாதுளம்பூ.

அவள் பாவை நோன்பு நோற்ற மார்கழியில், விடியற்காலைக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் வைப்பது பறங்கிப்பூ. ஒரு பூ நாச்சியாரின் திருக்கரத்தில். மற்றொன்று அவளை வரவேற்கும் நம் வாசலில். பூவில் இரண்டுக்கும் சமமான மதிப்பளித்த நாம், காயிலும் கனியிலும் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. நோயாளியைக் காணச் செல்கையில் மாதுளையைப் பையில் வைக்கிறோம். பறங்கிக்காயோ "சாம்பாருக்குத்தானே" என்று அடுப்படி மூலையில் கிடக்கிறது. இந்த வேற்றுமை நியாயமானதுதானா?

எந்தப் பூசணி?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆயுத பூஜையன்று சிவகாசி அச்சகங்களிலும் பட்டாசு ஆலைகளிலும் குங்குமம் தடவித் திருஷ்டி கழிக்க உடைப்பது வெண்பூசணி. நாம் இங்கே பேசுவது மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி, பறங்கிக்காய் என்றெல்லாம் அழைக்கப்படும் காய். திருவாதிரைக் களிக்கான கூட்டிலும் பொங்கல் குழம்பிலும் இடம்பெறுவது இதுவே.

இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். கடல் கடந்து வந்த கதையைப் 'பறங்கி' என்ற பெயரே சொல்கிறது. மாதுளையோ பாரசீகப் பக்கத்திலிருந்து மிகப் பழங்காலத்திலேயே நம் நாட்டுக்கு வந்துவிட்டது. அபிராமி பட்டர் தம் அந்தாதியின் முதற்பாடலிலேயே அம்பிகையின் நிறத்துக்கு மாதுளம்பூவை உவமை ஆக்கினார். இன்று நாம் வாங்கும் மாதுளையில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்தில், குறிப்பாகச் சோலாப்பூர் வட்டாரத்தில் விளைவது. பறங்கிக்கொடி நம் கொல்லைக் குப்பைமேட்டிலேயே படரும். முற்றிய காயைக் காம்போடு அறுத்துக் காற்றோட்டமாக வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

எடை போட்டுப் பார்த்தால்

100 கிராம் மாதுளை முத்துகளில் சுமார் 83 கலோரி ஆற்றல் உண்டு. அதே எடைப் பறங்கிக்காயில் 26 மட்டுமே. மாதுளையில் சர்க்கரை ஏறத்தாழ 14 கிராம். பெயரில் சர்க்கரையைச் சுமக்கும் பூசணியில் 3 கிராம்கூட இல்லை. நார்ச்சத்தில் மாதுளையே முந்துகிறது: அதில் 4 கிராம், பறங்கியில் அரை கிராம். வைட்டமின் சி இரண்டிலும் 10 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. மாதுளையின் செந்நிறத்துக்குக் காரணமான நிறமிகளும் துவர்ப்புச் சத்துகளும் உடலின் திசுக்களைக் காக்க உதவுபவை.

பார்வைக்கு இன்றியமையாத வைட்டமின் ஏ விஷயத்தில் பறங்கி வெகுதூரம் முன்னே நிற்கிறது. அதன் மஞ்சள் நிறமே பீட்டா கரோட்டின். உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. நாளொன்றுக்குத் தேவையான அளவில் ஏறத்தாழ பாதியை 100 கிராம் பறங்கிக்காய் தந்துவிடும். மாதுளையில் இச்சத்து இல்லையென்றே சொல்லலாம்.

சிவப்பெல்லாம் இரத்தமா?

நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு: மாதுளை சிவப்பு, ஆகவே அது இரத்தம் ஊறச் செய்யும் என்பது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பேர்போன சிவகாசி, சாத்தூர் பகுதிகளில் பகலெல்லாம் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்திக்கு இரத்தசோகை என்று மருத்துவர் சொன்னதும், வீட்டுப் பெரியவர்கள் அன்றைய கூலியில் ஒரு பங்கை மாதுளைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அன்பில் குறையில்லை. ஆனால் இரத்தத்துக்கு வேண்டிய இரும்பு மாதுளையிலும் சொற்பம், பறங்கிச் சதையிலும் சொற்பமே. பழம் கொடுத்தாயிற்று என்ற நிறைவில் சிகிச்சை தள்ளிப்போவதுதான் உண்மையான ஆபத்து.

இரும்பு இருக்குமிடம் வேறு. பறங்கிக்காயை நறுக்கும்போது வழித்து எறிகிறோமே, அந்த விதையின் பருப்பில் 100 கிராமுக்கு 8 முதல் 9 மில்லிகிராம் வரை இரும்பு உண்டு. விதைகளைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, வறுத்துத் தோல் நீக்கி, தினம் ஒரு கரண்டி உண்ணலாம்; பொடித்துத் துவையலிலும் சேர்க்கலாம். முருங்கைக்கீரை, கம்பு, பயறு வகைகளும் உடனிருக்கட்டும். தாவர உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்க வைட்டமின் சி துணைபுரியும். ஆகவே எலுமிச்சையோ நெல்லியோ அந்த உணவோடு சேரட்டும். உணவோடு தேநீர் அருந்தினால் அந்த இரும்பு உடலில் சேர்வது குறையும். இவையெல்லாம் துணை உணவுகளே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கு மாற்றல்ல.

முதியோர் கவனத்துக்கு

நீரிழிவு உள்ளவர்கள் மாதுளையைச் சாறாக்கி அருந்த வேண்டாம். பிழிந்து வடிகட்டினால் நார் போய்ச் சர்க்கரை மிஞ்சும். ஒரு கைப்பிடி முத்துகளை நன்கு மென்று உண்பதே மேல். பல் இல்லாதவர்களுக்கு வெந்த பறங்கிக்காய் நல்ல துணை. அதைத் தாளிக்கும்போது சிறிது நல்லெண்ணெயோ தேங்காயோ சேருங்கள். கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் ஒட்டும். வெல்லம் சேர்க்கும் வழக்கத்தை நீரிழிவாளர்கள் விட்டுவிடலாம். இரண்டிலும் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவில் உண்ணவேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்கள் மாதுளையைப் பற்றியும் அவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு செய்தி. பறங்கிக்கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. அடியில் பிஞ்சு உள்ளது பெண்பூ. வெறுங்காம்பில் நிற்கும் ஆண்பூவைத்தான் விவரமறிந்த பாட்டிமார் மார்கழிக் கோலத்துக்குப் பறிப்பார்கள். வாசலும் மங்கலமாகும், காய்ப்பும் குறையாது.

அடுத்த முறை நாச்சியாரின் திருக்கரத்துக் கிளியைச் சேவிக்கையில் மாதுளம்பூ அலகைக் கண்குளிரப் பாருங்கள். வீடு திரும்பியதும், அடுப்படி மூலையிலிருக்கும் பறங்கிக்காயையும் எடுத்து நறுக்குங்கள். விதையை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.