பாட்டிக்கு எத்தனை வயது?

கடந்த ஆண்டு தீபாவளி நெருங்கிய நேரம். பாட்டியின் 80ஆவது பிறந்தநாளைக் கொண்டாடலாம் என்று மாமா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார். நான் உடனே பாட்டியின் அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பினேன். அதில் இருந்த பிறந்த தேதி 1.1.1948. “இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கு மாமா” என்று எழுதினேன்.

பக்கத்தில் இருந்த பாட்டி சொன்னார்: “அது தோட்டத்துக் கிராணி குத்துமதிப்பா எழுதிக் கொடுத்தது. ஜப்பான்காரன் போன வருஷம், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது நான் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லுவாங்க.”

“அதெல்லாம் அத்தாட்சி ஆகாது பாட்டி.”

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அப்போ எங்கம்மா எங்கிட்ட பொய்யா சொன்னாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்தப் பருவத்தில்தான் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பாடம் ஒன்றை எடுத்திருந்தேன். அறிவு என்பது என்ன, அது எங்கிருந்து வருகிறது என்பதே அந்தப் பாடம்.

நம்பிக்கை உண்மையாக இருந்தால் மட்டும் போதுமா, அதற்குத் தக்க விளக்கமும் வேண்டுமா என்ற கேள்வியைப் பிளேட்டோ ‘தியேட்டட்டஸ்’ நூலில் ஆராய்ந்தார். 1641இல் டேக்கார்ட், ஐயத்துக்கு இடமுள்ள அனைத்தையும் ஒதுக்கிவிட்டுத் தம் சிந்தனையிலிருந்தே தொடங்கினார். இங்கிலாந்தின் ஜான் லாக்கோ, மனம் ஒரு வெள்ளைத்தாள், அதில் எழுதுவது அனுபவமே என்றார். பகுத்தறிவா, புலனறிவா என்பதில் இருவரும் மாறுபட்டாலும், அவரவர் தாமே கண்டறிய வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர். பிறர் கருத்துகள் நம் தலையில் மிதப்பதால் நாம் அறிவாளி ஆகிவிடுவதில்லை என்பது லாக்கின் எண்ணம். பாட்டியிடம் நான் பேசியதும் லாக்கின் மாணவனாகத்தான்.

ஆனால், அடையாள அட்டையில் இருப்பதும் ஒருவர் சொன்ன சொல்தானே? ஏன், என் பிறந்தநாளே எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும்!

இந்தியத் தத்துவம் இதே சிக்கலை ‘பிரமாணம்’ என்ற பெயரில் ஆராய்ந்தது. தமிழில் அதை ‘அளவை’ என்பர். அறிவைத் தரும் அளவைகள் எத்தனை? காட்சி ஒன்றே என்றனர் சார்வாகர். நியாய மரபினர் காட்சி, அனுமானம், உவமை, சொல் என நான்கு என்றனர். பாட்ட மீமாம்சகர் ஆறு என்றனர். நம் மணிமேகலையிலும் இந்த விவாதம் உண்டு. 27ஆம் காதையில் வைதிகவாதி பத்து அளவைகளைப் பட்டியலிடுகிறான். 29ஆம் காதையில் அறவண அடிகளோ காட்சி, கருத்து ஆகிய இரண்டே போதும், மற்றவை கருத்தில் அடங்கும் என்கிறார்.

ஆக, இந்தியர் சொல்லை நம்பினர், மேற்கத்தியர் ஐயப்பட்டனர் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. ஸ்காட்லாந்தின் தாமஸ் ரீட், பிறர் சொல்லை நம்புவது மனித இயல்பிலேயே அமைந்தது என்று 18ஆம் நூற்றாண்டில் வாதிட்டார்.

என்னை ஈர்த்தது நியாய மரபின் ‘ஆப்தர்’ என்ற கருத்து. ஆப்தர் என்றால் நம்பத்தக்கவர். ஒன்றை நேரடியாக அறிந்தவர், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புபவர் எவரோ அவரே ஆப்தர் என்கிறார் நியாய உரையாசிரியர் வாத்ஸ்யாயனர். அவர் முனிவராக இருக்கலாம், வேற்று நாட்டவராகவும் இருக்கலாம்; இலக்கணம் ஒன்றுதான். பதவியோ படிப்போ அதில் இல்லை.

இந்த அளவையால் அளந்து பார்த்தேன். கிராணி பாட்டியின் பிறப்பை அறிந்தவர் அல்லர். பள்ளிக்கூடமே போகாத என் கொள்ளுப்பாட்டி, பெற்றவர்.

சரி, தாயின் நினைவும் தவறலாம் அல்லவா? அதற்கு மீமாம்சகரின் ‘அருத்தாபத்தி’ உதவியது. தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆனாலும் பருத்திருக்கிறான் என்றால் இரவில் உண்கிறான் என்றே கொள்ள வேண்டும் என்பது அவர்கள் தரும் எடுத்துக்காட்டு. பாட்டியின் தம்பி மருத்துவமனையில் பிறந்தவர். அவருக்குப் பிறப்புப் பத்திரம் உண்டு. அதில் உள்ள ஆண்டு 1947. அவரை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காள் 1948இல் எப்படிப் பிறந்திருக்க முடியும்?

இதனால் 1945 என்று உறுதியாகிவிடவில்லை. ஆனால், அட்டையில் உள்ளது தவறு என்பது உறுதி. நான் ‘அத்தாட்சி’ என்று காட்டியதுதான் முதலில் விழுந்தது.

வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளையும் இப்போது இப்படித்தான் கேட்கிறேன்: சொன்னவர் இதை நேரில் அறிந்தவரா? இருப்பதை இருந்தபடி சொல்ல அவருக்கு விருப்பம் உண்டா? பல செய்திகள் முதல் கேள்வியையே தாண்டுவதில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு 80 என்று எழுதிய கேக்கைப் பாட்டி வெட்டினார். நான் மன்னிப்புக் கேட்டேன். “படிச்ச பிள்ளை, கேள்வி கேக்கத்தான் செய்யும்” என்று சிரித்தார். அன்றிரவு அவர் அம்மா சொன்ன மற்ற கதைகளையும் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒவ்வொன்றின் கீழும் யார் கண்டது, யார் சொன்னது என்று குறித்திருக்கிறேன். நாளை இவற்றைச் சொல்லப்போவது நான்தானே.