துடைப்பம் பிடித்த கைகள் கணக்குக் கேட்டன!

துடைப்பம் ஏந்திக் களமிறங்கும் விளையாட்டு ஒன்று உண்டு என்றால், அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்கு ஆடு பிடிக்க வந்தவர் சிரிப்பார். சிரிக்கட்டும்! ஆனால் உண்மை அதுதான். கர்லிங் என்று அதற்குப் பெயர். பனிக்கட்டித் தளத்தின் மீது, ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கருங்கல்லை ஒருவர் தள்ளிவிடுகிறார். கல்லுக்கு முன்னே இருவர் ஓடி ஓடித் தளத்தைத் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கப் பனியின் மேற்பரப்பு சற்றே சூடேறி, கல் கூடுதல் தூரம் செல்கிறது. எதிர்முனையில் நின்று தலைவி குரல் கொடுக்கிறார். நால்வரும் சேர்ந்தால்தான் கல் நகரும். பாரம் ஏற்றும் தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அய்யலூர் என்றால் ஆடும் தக்காளியும். வடுகபட்டி என்றால் பூண்டு. தென்கொரியாவிலும் பூண்டுக்குப் பேர்போன ஊர் ஒன்று உண்டு, உய்சாங் என்பார்கள். அங்கே 2006-இல் கர்லிங் அரங்கம் எழுந்தது. பள்ளிப் பெண்கள் விளையாட்டாகக் கற்றார்கள். உலகமே திரும்பிப் பார்க்க ஆடினார்கள். கிம் உன் ஜங் தலைமையிலான அந்த அணி, 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் ஜப்பானை வென்று, இறுதியில் சுவீடனிடம் தோற்று, வெள்ளி பெற்றது. இந்த ஆட்டத்தில் அந்நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. ‘பூண்டுப் பெண்கள்’ என்று ஊரே கொண்டாடியது.

கொண்டாட்டம் ஒருபக்கம். கூலி எங்கே?

அதே ஆண்டு நவம்பரில் அப்பெண்கள் வாய் திறந்தார்கள். சங்கத்தின் முன்னாள் துணைத் தலைவர், அவருடைய மகள், மருமகன்: இந்த ஒரு குடும்பத்தின் பிடியில்தான் பயிற்சி அனைத்தும்! வசைமொழி தாங்க முடியவில்லை என்றார்கள்; வென்ற பரிசுப் பணம் கைக்கு வரவில்லை என்றார்கள். தலைவிக்குத் திருமணம் ஆயிற்று, இனிப் பிள்ளை பெறுவார் என்று சொல்லி, தலைமையிலிருந்து அவரை ஒதுக்கப் பார்த்தார்களாம். நம்மூர் ஆலைகளில் கேட்காத நியாயமா இது?

அரசு விசாரித்தது. 2019 பிப்ரவரியில் முடிவு வந்தது. புகார்களில் பெரும்பாலானவை உண்மை! பரிசும் நன்கொடையுமாக 9 கோடியே 38 லட்சம் வொன், நம் கணக்கில் அரைக்கோடி ரூபாய்க்கு மேல், அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. ரசிகர்கள் அனுப்பிய கடிதங்களைக்கூடப் பிரித்துப் பார்த்த பிறகே கொடுத்திருக்கிறார்கள்.

‘வழக்கு வம்பு என்று போனால் தொழில் கெடும்’ என்று உபதேசிக்கும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக மேற்கொண்டு நடந்ததையும் சொல்லிவிடுவோம். 2020-இல் அந்த அணி மீண்டும் நாட்டின் முதலிடம் பிடித்தது. பழைய மாகாண அமைப்புடன் ஒப்பந்தம் தொடரவில்லை. 2021 மார்ச்சில் காங்னுங் நகராட்சி அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில், கசகஸ்தானின் அல்மாட்டி நகரில் பசிபிக்-ஆசிய மகளிர் வாகையர் போட்டி. அந்தப் பெயரில் நடந்த கடைசிப் போட்டியும் அதுதான்; மறு ஆண்டு முதல் அமெரிக்கக் கண்டத்து நாடுகளையும் சேர்த்து வேறு பெயரில் நடத்துகிறார்கள்.

அல்மாட்டியில் வாகை சூடியது தென்கொரியா. எதிர்முனையில் நின்று குரல் கொடுத்தவர் அதே கிம் உன் ஜங். அப்போது அவர் ஓர் ஆண் குழந்தைக்குத் தாய்.