பாட்டிக்கு வீட்டில் டிரிப்ஸ்... பில்லைக் கட்டுவது யார்?

எழுபத்தெட்டு வயதுப் பாட்டிக்குச் சிறுநீர்த் தொற்று. மாத்திரைக்கு மசியாத கிருமி என்கிறது கல்ச்சர் ரிப்போர்ட். எர்ட்டாபெனெம் மாதிரியான ஆன்டிபயாடிக்கை நாளுக்கு ஒரு முறை, அரை மணி நேரம், நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். மற்றபடி பாட்டி எழுந்து நடக்கிறார், இட்லி சாப்பிடுகிறார், சீரியலைத் தவறவிடுவதில்லை. முதல் டோஸை ஆஸ்பத்திரியில் போட்டு, ஒவ்வாமை எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மீதியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டரே சொல்லிவிடுவதுண்டு. வயதானவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பல நாள் கிடந்தால் மனக்குழப்பம், புதுத் தொற்று என்று வேறு வம்புகள் வந்து சேரும்.

வீட்டுக்கு வந்து ஊசி போட பெங்களூரில் ஆள் பஞ்சம் இல்லை. வீட்டு மருத்துவச் சேவையில் நாடறிந்த பெயரான போர்ட்டியா இந்த ஊர் நிறுவனம்தான். நர்ஸ் வருகிறார், கையில் கேனுலா போட்ட இடம் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறார், குப்பி மருந்தைச் சலைனில் கலந்து ஸ்டாண்டில் மாட்டுகிறார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

வில்லங்கம் பில்லில் இருக்கிறது. வழக்கமான மருத்துவக் காப்பீட்டு பாலிசி, குறைந்தது 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். டே-கேர் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும் விலக்கு. பாட்டியை அட்மிட் செய்தால், ‘இதை வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாமே’ என்று, காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம்களைக் கவனிக்கும் டி.பி.ஏ. ஆட்சேபம் எழுப்பக்கூடும். அட்மிட் செய்யாவிட்டால் ‘அட்மிஷனே இல்லையே’ என்று கிளெய்ம் திரும்பி வரும். ஒரே நோயாளி, ஒரே மருந்து. கட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தை மருந்துக்குக் கொடுக்க மாட்டேன் என்பது எந்த ஊர் நியாயம்?

பாலிசியில் ‘டொமிசிலியரி ஹாஸ்பிடலைசேஷன்’ என்று ஒரு பிரிவைப் பார்த்துவிட்டு நிம்மதி அடைபவர்கள் பலர். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அதற்கு வகுத்திருக்கும் விளக்கத்தைப் படித்தால் நிம்மதி போய்விடும். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டிய நோயாக இருக்க வேண்டும். அதோடு, நோயாளியை நகர்த்தவே முடியாத நிலை இருக்க வேண்டும், அல்லது ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல் போயிருக்க வேண்டும். நடமாடும் பாட்டி இதில் தேறமாட்டார். ஆஸ்துமா, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றை இந்தப் பிரிவிலிருந்து நீக்கிவைத்திருக்கும் பாலிசிகளும் நிறைய.

வேடிக்கை என்னவென்றால், வங்கி ஊழியர்களுக்காக 2015-ல் வந்த குழுக் காப்பீட்டில் இதே ‘டொமிசிலியரி’ நேர் எதிராக வேலை செய்கிறது. பட்டியலிட்ட நோய்களுக்கு அட்மிட் ஆகாமல் எடுக்கும் சிகிச்சைக்கும் அதில் பணம் உண்டு. கனரா வங்கியின் தலைமையகம் இருக்கும் ஊர் இது; ஓய்வுபெற்ற வங்கிக்காரர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களுக்கு டொமிசிலியரி சேர்த்து ஒரு பிரீமியம், சேர்க்காமல் ஒரு பிரீமியம். செலவைப் பார்த்து அதை வேண்டாம் என்று விட்டவர்களுக்கு இந்தக் கதவும் கிடையாது.

உண்மையில் உதவக்கூடியது ‘ஹோம் கேர்’ பிரிவு. கொரோனா காலத்தில், 2020 ஜூலையில் வந்த ‘கொரோனா கவச்’ பாலிசி, 14 நாள் வரை வீட்டுச் சிகிச்சைக்குப் பணம் தந்தது. டாக்டர் எழுத்தில் பரிந்துரைக்க வேண்டும், தினமும் கண்காணிக்க வேண்டும், கொடுத்த மருந்தெல்லாம் பதிவான தினசரி சார்ட்டில் அவர் கையெழுத்திட வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். இன்று பல நிறுவனங்களின் பாலிசிகளில் இதைப் போன்ற பிரிவு இருக்கிறது. அது இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே அனுமதியை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். சார்ட் இல்லாத கிளெய்ம் நிற்காது.

அந்தப் பிரிவும் இல்லையா? டாக்டர் அவசியம் என்று கருதி இரண்டு மூன்று நாள் அட்மிட் செய்திருந்தால், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு என்ற வழி இருக்கிறது. ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்ற பாலிசியில் இது 60 நாள். அதே நோய்க்கான மருந்து என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் நாள் கணக்கோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். நர்ஸ் கட்டணத்துக்குப் பல காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தருவதில்லை, கேட்டுக்கொள்வது நல்லது. புற்றுநோய்க்கான மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி என்றால் கதை வேறு. அதை விலக்கிவைக்கக் கூடாது என்று 2019-லேயே ஆணையம் சொல்லிவிட்டது. உச்சவரம்பு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

70 வயதை எட்டியவர்களுக்காக 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு விரிவுபடுத்திய ஆயுஷ்மான் பாரத் திட்டமும் 5 லட்சம் ரூபாய் வரை அட்மிட் ஆகும் சிகிச்சைக்கே. அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்கிறது? அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், வீட்டில் மருந்து ஏற்றும் சேவைக்கென்று தனிச் சலுகையை முழுமையாகத் தந்ததே 2021 ஜனவரியில்தான். அதிலும் பம்ப் வழியாகப் போகும் குறிப்பிட்ட சில மருந்துகளுக்கு மட்டும்; பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்கு இல்லை.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ஜே.பி. நகர் ஜீவன் சௌதா கட்டடத்தில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனை அணுகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.

கம்பெனி பாலிசியில் பெற்றோரைச் சேர்த்திருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. குழு பாலிசியின் நிபந்தனைகள் நிறுவனமும் காப்பீட்டாளரும் பேசி முடிவு செய்பவை. கூடுதல் பிரீமியம் கட்டினால் ஹோம் கேரையும் சேர்க்க முடியும். புதுப்பிக்கும் தேதி வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, நாலு பேர் சேர்ந்து எச்.ஆர். பிரிவுக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள்.