மாவு மூட்டையில் புகுந்த எமன்!

பூச்சிமருந்து உடலில் சேர்ந்தால் என்ன செய்வது?

1958-ம் ஆண்டு கேரளாவில் ஒரு பயங்கரம் நடந்தது.

கோதுமை மாவில் செய்த பண்டங்களைச் சாப்பிட்டவர்கள் சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தார்கள். உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. மூச்சுத் திணறிச் சுருண்டு விழுந்தார்கள். 100 பேருக்கு மேல் பரிதாபமாக இறந்தார்கள்.

யாரும் அவர்களுக்கு விஷம் வைக்கவில்லை. அந்த மாவு கப்பலில் வந்தபோது, "பாரத்தியான்" என்ற பூச்சிமருந்தும் கூடவே வந்தது. அது மாவில் கலந்துவிட்டது. அவ்வளவுதான்!

இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டை ஏற்றுவதும் இறக்குவதும் இங்கே பலருக்கு அன்றாடப் பிழைப்பு. லாரியில் மருந்து டின்னும் அரிசி மூட்டையும் ஒன்றாக ஏறினால், "வேண்டாம்" என்று சொல்லுங்கள். மருந்து வந்த காலி டின்னைக் கழுவித் தண்ணீர் பிடிக்காதீர்கள். கருவாடு காயும் இடத்தில் ஈக்காக மருந்து தெளிக்காதீர்கள்.

மருந்து என்று பெயர்!

இந்த நஞ்சுக்கு "மருந்து" என்று யார்தான் பெயர் வைத்தார்களோ! அதனால்தான் அதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி அடுப்பங்கரையில் வைக்கிறார்கள். குழந்தைக்கு பாட்டில்தான் தெரியும்.

நம் நரம்பு, தசைக்கு உத்தரவு அனுப்ப ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அதை அழிக்க இன்னொரு பொருள் உடலில் இருக்கிறது. பாரத்தியான், குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்துகள் அந்தப் பொருளைக் கட்டிப் போட்டுவிடுகின்றன.

பிறகு என்ன? திறந்த குழாயை மூட ஆள் இல்லாத கதைதான். எச்சில் ஒழுகும். கண்ணீர் வடியும். வயிற்றுப்போக்கு நிற்காது. கண்ணின் கருமணி ஊசிமுனை போலச் சுருங்கிவிடும். சதை துடிக்கும். நெஞ்சுக்குள் சளிநீர் நிரம்பும். கடைசியில் உயிரைப் பறிப்பது மூச்சுத் திணறல்தான்.

குடித்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். தோல் வழியாகவும் இது உள்ளே போகும்.

சோப்பும் தண்ணீரும்

மருந்து பட்டவரை உடனே காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். நனைந்த துணியைக் கழற்றுங்கள். தலை முதல் கால் வரை சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கண்ணையும் வெறும் தண்ணீரால் நன்றாக அலசுங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நஞ்சு அவருக்கும் ஏறும்.

குடித்துவிட்டவருக்கு உப்புத் தண்ணீர், புளிக் கரைசல், பால், எண்ணெய் எதுவும் வேண்டாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. வாந்தி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து இரட்டிப்பாகும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ராயபுரம் பக்கத்தில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. போகும்போது மருந்து பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். சீட்டில் உள்ள பெயரைப் பார்த்தால் டாக்டருக்குச் சிகிச்சை சுலபம். அதிலேயே சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று வேகம் குறையும். பச்சையும் குடிக்கத் தக்கது அல்ல!

"போலீஸ் கேஸ் ஆகிவிடுமே" என்று மறைக்கிறவர்கள் உண்டு. மறைக்காதீர்கள். மனம் உடைந்து குடித்தவரை, கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம். அவரைத் திட்டாதீர்கள். 104-ல் ஆறுதலும் ஆலோசனையும் கிடைக்கும்.

மூன்றாம் நாள்

ஆஸ்பத்திரியில் "அட்ரோபின்" ஊசி போடுவார்கள். நெஞ்சுச் சளி வற்றும்வரை திரும்பத் திரும்பப் போடுவார்கள். நோயாளி கண் விழிப்பார், பேசுவார்.

"பிழைத்துவிட்டார்" என்று அழைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்! ஒரு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்குக் கழுத்துத் தசை தளர்ந்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகும். அடுத்து மூச்சுத் தசையும் சோரும். அப்போது செயற்கை மூச்சுக் கருவி பக்கத்தில் இருக்கவேண்டும். அது இருப்பது ஆஸ்பத்திரியில், வீட்டில் அல்ல.