இரண்டாம் அழைப்பு

பசறைத் தோட்டங்களிலும் நமுனுகுலை மலைச்சாரலிலும் கைப்பிள்ளைத் தாய்மார் வினவும் வினா ஒன்றுண்டு: "ஊசி போட்ட தொடை வீங்கிக் காய்ச்சலும் காய்கிறதே, நல்ல பிள்ளையை வருத்துவானேன்?" வினா எளிது, விடையோ நுட்பமுடைத்து.

இலங்கையில் 2008 முதல் வழங்கப்படும் ஐங்கூட்டுத் தடுப்பூசி 2, 4, 6 ஆம் மாதங்களில் இடப்படுவது. தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி முதலிய ஐந்து நோய்களுக்கு அது காப்பு. அக்காப்பை எழுப்புவதில் தலைமை பூண்டவை 'ரீ' கலங்கள் என்னும் வெண்குருதிக் கலங்கள். 'ரீ' என்றதும் மலைநாட்டு மாணவர் தேயிலையை நினைந்து நகைப்பர்; நெஞ்சகத்துத் தைமசுச் சுரப்பியில் முதிர்வதால் வந்த பெயர் அது.

ரீ கலம் பகையை இனங்கண்ட மாத்திரத்தே எழுவதில்லை. பகையின் கூறொன்றைக் கிளைக்கலம் ஏந்திவந்து காட்டுவது முதல் அழைப்பு. அக்கிளைக்கலத்தின் மேலுள்ள பி7 என்னும் புரதம், ரீ கலத்தின் சிடி28 என்னும் புரதத்தோடு பொருந்துவது இரண்டாம் அழைப்பு. இதனைத் துணைத்தூண்டல் எனலாம். முன்னாளில் செக்ரோலில் பெயரிருந்தும், பிரட்டுத் தப்பு முழங்கினாலன்றித் தொழிலாளர் மலையேறார், அதுபோல்வதே இது.

முதலது வந்து மற்றது வாராதொழியின், ரீ கலம் அப்போது வாளாவிருப்பதோடு அமையாது. பின்னர் இரண்டும் சேர்ந்து வரினும் எழாத மடிமையுறும். அமெரிக்க ஆய்வாளர் ஜென்கின்சும் சுவார்ட்சும் 1987இல் இதனைக் காட்டினர். இது குறையன்று, பெருங்காவல். தன்னுடலையே பகையென மயங்கும் ரீ கலங்கள் சில எல்லாரிடத்தும் உள. இரண்டாம் அழைப்புக் கிட்டாமையால் அவற்றுட் பல அடங்கிக் கிடக்கின்றன.

ஆயின் இக்காவலே தடுப்பூசிக்கும் தடையாகின்றது. தீங்கு நீக்கித் தூய்மை செய்த நச்சுப்பொருளை மட்டும் செலுத்தினால், கிளைக்கலம் இடர் எதனையும் உணராது. 1926இல் ஆங்கிலேயரான கிளென்னி அதனோடு படிகாரத்தைச் சேர்த்தபோது காப்பு மிகுந்தது. காரணந்தான் நெடுங்காலம் விளங்கவில்லை. இதனைத் தம் துறையாரின் வெளியிற் சொல்லொணா இரகசியம் என 1989இல் எள்ளிய சார்லசு ஜேன்வே, விடைக்கும் வழிகாட்டினார்: கிருமியின் பொதுவடையாளத்தை உணர்ந்தபோதே கிளைக்கலம் இரண்டாம் அழைப்பை விடுக்கும் என்றார். ஐங்கூட்டில் அலுமினிய உப்போடு கொல்லப்பட்ட குக்கற்கிருமியும் அக்கலத்தை விழிப்பிக்கின்றது. தன்னோடிருக்கும் ஏனைய கூறுகளுக்கும் அக்கிருமியே துணைநிற்பது வியப்பன்றோ!

தொடை வீக்கமும் இளங்காய்ச்சலும் இவ்விழிப்பின் புறக்குறிகள். அவை தோன்றாத பிள்ளைக்குக் காப்பில்லை என்று கருதுவதும் பிழையே. ஆனால் காய்ச்சல் மிகுந்தாலோ, வலிப்புக் கண்டாலோ, அழுகை மணிக்கணக்காய் நீண்டாலோ, பிள்ளையை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. அடுத்த ஊசிக்கு முன் மருத்துவிச்சியிடமும் அதனை உரைக்க.